சேலத்து முதலாளியும் சிங்களப் பேசும்படமும்

(சீகிரியாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சீகிரியாவுக்குக் கூப்பிட்டால் எவரும் இங்கே கோட்டை கட்டிய காசியப்ப மன்னனைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் சேலத்துக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் டி. ஆர். சுந்தரம். மாடர்ன் தியேட்டர்ஸ் என்றால் உங்களில் பாதிப்பேர் தலையாட்டுவீர்கள். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்றால் மிச்சப் பாதியும் ஆட்டும். பார்த்தீர்களா, பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது.

இந்தப் பாறைக்குக் கீழே நின்று அவரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். இந்த நாட்டுச் சினிமாவின் வரலாற்றை நாம் ஒரு பழக்கப்பட்ட கதையாகவே சொல்லி வருகிறோம். முதலில் தென்னிந்திய ஸ்டூடியோக்களின் இருட்டு. அட்டை அரண்மனை, ஆறேழு பாட்டு, இரவல் கதை. பிறகு 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் வந்தார், கமெராவை வெயிலுக்குக் கொண்டுபோனார், வெளிச்சம் வந்தது. இது பொய்யில்லை. ஆனால் பாதிதான். அந்த நான்கு சுவருக்குள் என்ன நடந்தது, ஏன் அது சுவருக்குள் நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல், ஒருவர் வெளியே வந்ததன் பெறுமதியை எப்படி அளப்பது? சுவரை எழுப்பியவர்களில், ஏன் எழுப்புகிறோம் என்பதை நன்றாக அறிந்து எழுப்பியவர் சுந்தரம். அதனால்தான் அவர்.

1907இல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். துணி வியாபாரக் குடும்பம். நெசவுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போனார். கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டு திரும்பினார். குடும்பத் தொழிலைப் பார்க்க வேண்டியவர். 1930களின் நடுப்பகுதியில் ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற கம்பனியில் பங்காளியாகச் சேர்ந்து படத் தொழிலுக்குள் வந்தார். 'திரௌபதி வஸ்திராபஹரணம்', 'நல்லதங்காள்' எல்லாம் அந்தக் காலத்துப் படங்கள்.

அப்போது தமிழ்ப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். 1931இல் வந்த 'காளிதாஸ்' பம்பாயில் எடுத்தது. சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோ 1934 வரைக்கும் கிடையாது. தமிழ்ப் படம் எடுக்கிறவர் நடிகர், பாட்டு வாத்தியார், பக்கவாத்தியம், சமையற்காரர் என்று ஒரு கூட்டத்தையே ரயிலில் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ கோலாப்பூருக்கோ போக வேண்டும். அங்கே ஸ்டூடியோவுக்கு வாடகை. பாஷை தெரியாத கமெராக்காரர். தமிழே தெரியாத இயக்குநர்கூட உண்டு. கதாநாயகிக்குத் தொண்டை கட்டினால் மொத்தக் கூட்டமும் உட்கார்ந்து சாப்பிடும், வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

நெசவாலை படித்து வந்தவருக்கு இதைப் பார்க்கப் பொறுத்திருக்குமா? தறி நின்றால் நட்டம். பஞ்சு ஒரு வாசலால் போய்த் துணி மறு வாசலால் வர வேண்டும். இடையில் எதற்கும் ஊர் தேடி அலையக் கூடாது. சுந்தரம் சினிமாவில் செய்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சேலத்தில், ஏற்காட்டு மலை அடிவாரத்தில், ஏறக்குறைய 10 ஏக்கர் நிலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப், எடிட்டிங், செட் போடுகிற தச்சர்கள், எல்லாம் ஒரே வளவுக்குள். நடிகரும் எழுத்தாளரும் மாதச் சம்பளத்துக்கு. நேரத்துக்கு வர வேண்டும்; வராவிட்டால் முதலாளி சும்மா விடமாட்டார். எம்.ஜி.ஆரும் கண்ணதாசனும் கருணாநிதியும் அந்தச் சம்பளப் பட்டியலைக் கடந்து வந்தவர்கள்தான்.

சுவர் எதற்கு என்று சொல்ல வேண்டும். ஆரம்பகாலப் பேசும்படத்தில் நடிகர் கமெராவுக்கு முன்னால் நின்றே பாட வேண்டும். வாத்தியக்காரர் பிரேமுக்கு வெளியே, மரத்துக்குப் பின்னால், திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்து வாசிப்பார்கள். ஒரு காகம் கரைந்தால் அந்த ஷாட் போயிற்று. தூரத்தில் ரயில் போனால் போயிற்று. காகம் விரட்டுவதற்கென்றே ஆள் வைத்த ஸ்டூடியோக்கள் இருந்திருக்கின்றன. பின்னணிப் பாட்டு 1938இல் 'நந்தகுமா'ரில்தான் தமிழுக்கு வருகிறது. அது வழக்கமாகி வேரூன்ற இன்னும் சில வருடம். ஆகவே சுவர் என்பது அழகியல் தெரியாதவர்களின் சோம்பல் அல்ல, ஒலிவாங்கியின் கட்டளை. இதை நம்முடைய விமர்சகர்கள் எழுதுவதில்லை.

மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம் 'சதி அகல்யா', 1937. இயக்கியவர் சுந்தரமே. கதாநாயகி யார் தெரியுமா? யாழ்ப்பாணம் இணுவிலைச் சேர்ந்த தவமணி தேவி. சேலத்துத் தொழிற்சாலையின் முதற் சரக்கிலேயே இலங்கை முகம் இருந்தது. முனிபத்தினி வேடத்துக்கு அந்த நாளைய ரசிகர் எதிர்பாராத ஒரு நவீன நங்கையைத் தேர்ந்தெடுத்தார் சுந்தரம். புராணம் விற்கும் என்று அவருக்குத் தெரியும், புராணத்தை மட்டும் விற்றால் போதாது என்பதும் தெரியும்.

அடுத்த வருடம் 'பாலன்'. மலையாளத்தின் முதற் பேசும்படம். எஸ். நொட்டானி என்பவர் இயக்கினார், எடுத்தது சேலத்தில். ஒரு மொழியின் முதற் பேசும்படம் அந்த மொழி பேசாத ஊரில், அந்த மொழி பேசாத இயக்குநர் கையால் உருவானது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிங்களத்துக்கு வரும்போது தேவைப்படும்.

1940இல் 'உத்தம புத்திரன்'. பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில். இரும்பு முகமூடி மனிதனின் பிரெஞ்சுக் கதையைத் தமிழ் அரண்மனைக்குள் கொண்டுவந்தார் சுந்தரம். 1942இல் 'மனோன்மணி', பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் நாடகம், மேடைக்கு அதிகம் ஏறாமல் படிக்கப்பட்டுக்கொண்டே இருந்த ஒன்று, பெருஞ்செலவில் திரைக்கு வந்தது. அடுத்து யுத்தம். பச்சைப் பிலிம் தட்டுப்பாடு. யுத்தப் பிரசாரப் படம் எடுத்தால்தான் அரசாங்கம் பிலிம் தரும் என்ற நிலை. பலர் முகம் சுளித்தார்கள். சுந்தரம் 'பர்மா ராணி' எடுத்து, அதில் ஜப்பானிய அதிகாரி வேடத்தையும் தானே போட்டுக்கொண்டார்! கொள்கை பேசிக்கொண்டு தளத்தைப் பூட்டி வைக்கிற ஆள் அவர் இல்லை.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுந்தரம் இயக்கிய ஒரு படத்தின் பெயரை மறைத்து ஒரு காட்சியை மட்டும் காட்டினால், 'இது சுந்தரத்தின் ஷாட்' என்று என்னால் அடையாளம் சொல்ல முடியாது. அவரிடம் ஒரு பார்வை, ஒரு கோணம், ஒரு விடாப்பிடியான கவலை என்று எதையும் நான் கண்டதில்லை. அவர் காலத்திலேயே கே. சுப்ரமணியம் 'சேவா சதன'மும் 'தியாக பூமி'யும் எடுத்தார். அந்தப் படங்களுக்குள் ஒரு மனிதர் நிற்கிறார், கோபப்படுகிறார். சுந்தரத்தின் படங்களில் ஒரு நிறுவனம்தான் நிற்கிறது. ஆனால் படம் ஓடுகிறது, நேரத்துக்கு முடிகிறது, அடுத்த படத்துக்குச் சம்பளம் இருக்கிறது. நல்ல வசனகர்த்தா ஒருவரைக் கூப்பிட்டுவந்து எழுதவிடுகிறது. 1950இன் 'மந்திரிகுமாரி'யைப் பாருங்கள். அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் தொடங்கினார், அவர் நாட்டைவிட்டுப் போகிற நேரம், சுந்தரமும் சேர்ந்து இயக்கி முடித்தார். படம் யாருடையது? இருவருடையதும் இல்லை. கருணாநிதியின் பேனாவும் எஸ். ஏ. நடராஜனின் வில்லத்தனமும் ஜி. ராமநாதனின் இசையும்தான் இன்றைக்கும் நினைவில் நிற்கின்றன. அவர்களைக் குறுக்கிடாமல் விட்டதே இயக்குநரின் திறமை என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

1952இல் நடந்ததையும் சொல்லாமல் போகக்கூடாது. ஹொலிவூட்காரர்களோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்று ஒரு ஆங்கிலப் படம் எடுத்தார்கள். கதையில் பனிக்காலத்து மாமத யானைகள் வரும். யானைக்கு மயிர்த்தோல் போர்த்தினார்கள். தமிழில் 'காடு'. அந்த வெயிலில் அந்த யானைகள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கும். ஆனால் சேலத்திலிருந்து அமெரிக்கத் திரைக்குப் படம் அனுப்புகிற துணிச்சல் அன்றைக்கு வேறு யாரிடம் இருந்தது?

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1947 ஜனவரி 21ஆம் திகதி முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுனு பொறொந்துவ' திரையிடப்பட்டது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம், மதுரைப் பக்கத்துத் தமிழர். எடுத்தது மதுரையில், அவருடைய சித்ரகலா மூவிடோனில். இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. மூலம், பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழு மேடையேற்றிய நாடகம். கதாநாயகி ருக்மணி தேவி. டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்ற இயற்பெயரோடு நுவரெலியா மாவட்டம் இறம்பொடையில் பிறந்தவர். 'பால'னை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அதே வழிமுறைதான். குழுவை மொத்தமாகக் கப்பலேற்றிக் கொண்டுபோய், சுவருக்குள் நிறுத்தி, பேச வைத்து, பிரதியை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். ஒலிப்பதிவு ஸ்டூடியோ இங்கே கிடையாது. 1950களின் தொடக்கத்தில்தான் நாயகம் கந்தானையிலும், சிறிசேன விமலவீர கிரிபத்கொடையிலும் ஸ்டூடியோ போட்டார்கள். கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ ஹெந்தளையில் அதற்குப் பிறகு.

அதே 1947இல் இரண்டாவது சிங்களப் படம் 'அசோகமாலா'. துட்டகைமுனுவின் மகன் சாலியன் கதை, அநுராதபுரத்துக் கதை. எடுத்தது எங்கே? கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில்! இங்கிருந்து அநுராதபுரம் எவ்வளவு தூரம்? காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்கு முன்னமே போய்ச் சேரலாம். உண்மையான தூபி, உண்மையான குளம், உண்மையான கல் எல்லாம் இங்கே கிடக்க, அந்த அரசர்கள் பலகையிலும் சாக்கிலும் செய்த அரண்மனையில் கோயம்புத்தூரில் நடமாடினார்கள். இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். நானும் பல மேடைகளில் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் அநுராதபுரத்துக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி அந்த நடிகர்களைப் பேச வைத்தால், அந்தக் குரலைப் பதிவு செய்ய இந்த நாட்டில் அன்று வசதி எங்கே இருந்தது? அட்டை அரண்மனை வறுமையின் விளைவு, வரலாற்று அறிவீனத்தின் விளைவல்ல. சென்ட்ரல் ஸ்டூடியோவின் தளத்தில்தான் அமரதேவ என்று பின்னால் நாடே கொண்டாடிய பாடகர் இளைஞராக முதன்முதலில் திரைக்கு வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களின் பட்டியலில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஹிந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு சிங்களமும் இருக்கிறது. கொழும்புக் கம்பனிகள் சென்னை, சேலம், கோவை என்று தளம் தேடிப் போன காலம் அது. போனவர்கள் வெறும் பிலிம் பெட்டியோடு திரும்பவில்லை. ஒளியமைப்பு, மேக்கப், லேப் வேலை, கோல்ஷீட் போடுகிற முறை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு வந்தார்கள். கூடவே ஆறு பாட்டு, ஒரு கோமாளி, கடைசி ரீலில் மனம் மாறுகிற வில்லன் என்பவையும் வந்தன. ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் இறக்குமதி செய்ய முடிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இப்போது 1956. ஜனவரி 14, தைப்பொங்கல். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வெளிவருகிறது. முழு நீளமும் வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம், கேவாகலரில். எம்.ஜி.ஆர்., பானுமதி, பி. எஸ். வீரப்பா. இயக்கம் டி. ஆர். சுந்தரம். இருபது வருடமாக அவர் கட்டிய சுவருக்குள் இதைவிட உயரமாக எதுவும் எழவில்லை. நம் தோட்டங்களில் லயத்துப் பிள்ளைகள் வரைக்கும் அந்தக் குகை திறக்கிற மந்திரத்தைச் சொல்லித் திரிந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பாறையை நினைத்துப் பாருங்கள். சாந்தும் சட்டமும் சாயமும். சொன்னவுடன் திறக்கும். அசல் பாறை அப்படித் திறக்காது, அதற்குத்தான் ஸ்டூடியோ.

அதே வருடம் டிசம்பர் 28இல், கொழும்பில், 'ரேகாவ'. அரசாங்கப் படப்பிரிவை விட்டு விலகி வந்த மூவர்: இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த. உண்மையான கிராமம், உண்மையான வெயில், தொட்டால் நோய் தீரும் என்று ஊர் நம்புகிற ஒரு சிறுவன். மறு வருடம் கான் விழாவில் போட்டிக்குப் போனது. இங்கே தியேட்டரில் விழுந்தது. பொங்கலுக்கு வந்த குகையைப் பார்த்த அதே சனம் மார்கழியில் வந்த கிராமத்தைப் பார்க்க வரவில்லை. அவர்களைக் குறை சொல்கிறவர்களோடு நான் இல்லை. காசு கொடுத்து இருட்டுக்குள் உட்காருகிறவன் தன் வீட்டு முற்றத்தையே திரும்பப் பார்க்க விரும்பாததில் என்ன அதிசயம்?

அந்த 1956இலேயே மூன்றாவது ஒன்றும் நடந்தது, அது இந்த ஊருக்குச் சொந்தமானது. செனரத் பரணவிதான, இதோ இந்தப் பாறையின் கண்ணாடிச் சுவரில் கீறப்பட்டிருந்த 685 பாட்டுகளை வாசித்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். பெரும்பாலானவை 8ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரைக்கும் வந்துபோனவர்கள் எழுதியவை. பாறையில் தீட்டியிருக்கிற ஓவியப் பெண்களைப் பார்த்தவர்கள் அவர்களை வியந்து எழுதினார்கள், சிலர் ஏங்கினார்கள், இந்தப் பெண்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லையே என்று குறைப்பட்டவர்களும் உண்டு. ஊமைப் படத்துக்கு எதிரான முதல் முறைப்பாடு அது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை ஒருபுறம் இருக்க, ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வரைந்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. பார்த்தவர்களின் பெயர், ஊர், தொழில் இருக்கிறது. காசியப்பன் கட்டிய கோட்டைக்கு ரசிகர் எழுதிய பதிவேடு கிடைத்துவிட்டது. சேலத்துச் சினிமாவுக்கு அப்படி ஒன்று நம்மிடம் இல்லை. மாத்தளையில் 'அலிபாபா' பார்த்தவர் என்ன நினைத்தார், 'ரேகாவ'வுக்குப் போய்ப் பாதியில் எழுந்து வந்தவர் ஏன் வந்தார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. இந்தச் சபையில் வயதானவர்கள் இருந்தால், உங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுத வையுங்கள். இது வேண்டுகோள்.

சுந்தரம் அதன்பிறகும் ஓயவில்லை. 1961இல் 'கண்டம் பெச்ச கோட்டு', மலையாளத்தின் முதல் முழு வண்ணப் படம், அவர் இயக்கம். 1963 ஆகஸ்ட் 30இல் காலமானார். அதே வருடம்தான் இங்கே லெஸ்டரின் 'கம்பெரலிய' வருகிறது, ஸ்டூடியோவுக்குள் ஒரு காட்சியும் எடுக்காத படம். 1965இல் டில்லிப் பட விழாவில் தங்க மயில் விருது வாங்குகிறது. கைக்கு அடக்கமான கமெராவும் ஒலிக்கருவியும் வந்துவிட்டன. சுவருக்கான காரணம் போய்விட்டது. காரணம் போன பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களைத் திட்டுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஆனால் லெஸ்டரின் கதையில் வழக்கமாக விட்டுவிடுகிற ஒரு பக்கம் இருக்கிறது. 'ரேகாவ' விழுந்த பிறகு அவருடைய இரண்டாவது படத்துக்குப் பணம் போட்டவர் யார்? 1960இன் 'சந்தேசய'வின் தயாரிப்பாளர் கே. குணரத்தினம். தென்னிந்திய அச்சில் வார்த்த படங்களால் சம்பாதித்த அவருடைய சினிமாஸ் லிமிட்டட். அந்தப் படம் ஓடியது, லெஸ்டர் பிழைத்தார். பிறகு 'கொளு ஹதவத', 'அக்கர பஹ', 'நிதானய' மூன்றும், சிற்றம்பலம் கார்டினர் 1928இல் தொடங்கிய சிலோன் தியேட்டர்ஸின் தயாரிப்பு. இந்த நாட்டின் மிகச் சிறந்த படம் என்று பலமுறை தேர்வான 'நிதானய' அந்தக் கம்பனியின் கல்லாப்பெட்டியிலிருந்து வந்தது. ஆகவே இருட்டுக்குப் பின் வெளிச்சம் என்ற கதையை நான் ஏற்கவில்லை. இருட்டின் வருமானத்தில்தான் வெளிச்சம் வாங்கினார்கள்.

லெஸ்டர் காசியப்பனையும் விடவில்லை. 1970களின் நடுவில் பிரித்தானியக் கூட்டுத் தயாரிப்பில் 'தி காட் கிங்' எடுத்தார். ஆங்கில நடிகர் லீ லோசன் காசியப்பனாக வந்தார், ஆங்கிலத்தில் பேசினார். லெஸ்டரின் நல்ல படங்களின் வரிசையில் அதை வைப்பவர் குறைவு, நானும் வைக்கமாட்டேன். கல் அசலாக இருந்தால் மட்டும் அரசன் அசலாகிவிடமாட்டான் என்பது அங்கே தெரிந்தது. கோயம்புத்தூர் அட்டையைப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்தப் படத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். அதற்குள் இருந்த படச்சுருள்களும் எரிந்தன. எரிந்தவற்றில் பெரும்பாலானவை சிங்களப் படங்கள். எரித்தவர்கள் ஒரு தமிழருடைய சொத்து என்று நினைத்துத்தான் எரித்திருப்பார்கள். அதே நாட்களில் சிங்களப் பட இயக்குநராக வாழ்ந்த கே. வெங்கட் என்ற தமிழரையும் கொன்றார்கள். குணரத்தினம் 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. படம் பிடித்துக்கொள்ள வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்விகள் இருக்குமென்று நினைக்கிறேன். தம்புள்ளைக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள்.